சிங்கப்பூரில் புல்வெளியில் நடந்தால் காற்சட்டையில் ஒட்டும் முள்காய் எது? நெருஞ்சியா?

நெருஞ்சியாக இருக்காது. நெருஞ்சி ஒட்டாது, குத்தும். தரையோடு படர்ந்து மஞ்சளாகப் பூக்கும். காய் முற்றினால் ஐந்து துண்டாக உடைந்து முள்ளை நீட்டிக்கொண்டு கிடக்கும். வெறுங்காலுக்கும் சைக்கிள் டயருக்கும்தான் அதனால் ஆபத்து. வறண்ட மண்ணில் செழிக்கும் செடி. இங்கே நான் அதைப் பார்த்ததெல்லாம் தேக்கா (லிட்டில் இந்தியா) நாட்டு மருந்துக்கடைப் பொட்டலத்தில்தான்.

உருண்டையான காய் என்றால், பெரும்பாலும் ஒட்டுத்துத்தி. மலாயில் புலுட் புலுட். செம்பருத்திக் குடும்பம், பூவும் குட்டிச் செம்பருத்தி மாதிரி ரோஸ் நிறத்தில் இருக்கும், அழகுதான். காயைக் கையில் வைத்து உற்றுப் பாருங்கள்: பட்டாணி அளவு, ஐந்து பிரிவு, மேலெல்லாம் குட்டி முள், ஒவ்வொரு முள் நுனியிலும் கொக்கி. 2011 ஜூன் 30-ஓடு தஞ்சோங் பகாருக்கு ரயில் நின்றதே, அந்தப் பழைய ரயில் பாதை மாதிரி இடங்களில், புல்வெட்டும் இயந்திரம் எட்டாத ஓரமாகத் தேடினால் சிக்கும். தண்டை உரித்தால் நல்ல நார் வரும். சணலுக்குப் பதிலாகக் கயிறு, சாக்குக்குப் பயன்படுத்தியிருக்கிறார்கள்.

அடுக்குமாடி புளோக் பக்கத்துத் திடலில் நடந்து, காலுறை முழுக்க ஊசி ஊசியாக ஏறியிருந்தால் அது வேறு, புல்லின் விதை. இங்கே 'லவ் கிராஸ்' என்பார்கள். (பெயர் வைத்தவர் காலுறை துவைத்திருக்க மாட்டார்.) கூர்முனையில் பின்னோக்கிய முள்மயிர் இருப்பதால் வந்த வழியே இழுத்தால் வராது; துணியை உட்புறம் திருப்பி, முனையைப் பிடித்து முன்பக்கமாக உருவுங்கள். துவைக்கப் போடுவதற்கு முன்பே செய்துவிடுங்கள்.

வாட்ஸ்அப்பில் சுற்றும் படங்களில் இருக்கும் பெரிய காய், நுனியில் இரண்டு கொம்போடு, மருளூமத்தை. உள்ளே இரண்டு விதை. ஒன்று முதலில் முளைக்கும், மற்றது பிறகு. அதனால் ஒருமுறை களையெடுத்து விவசாயி தப்ப முடியாது. சீன மருந்துக்கடையில் 'சாங் அர் ஸி' என்று மூக்கடைப்புக்குக் கொடுப்பது இந்தக் காயைத்தான், வறுத்துப் பக்குவப்படுத்தி. அதைப் பார்த்துவிட்டு ஊரில் பறித்த பச்சைக் காயை வீட்டில் கஷாயம் வைத்துவிடாதீர்கள். கல்லீரலைக் கெடுக்கும் நஞ்சு அதில் இருக்கிறது. இளநாற்றைத் தின்ற மாடுகளே செத்திருக்கின்றன.