கண்ணாடிக்குள்ளிருந்து வந்த நிழல்

கே: அண்ணா, என் சித்தப்பா ‘பிரின்ஸ் ஆஃப் பெர்சியா’ கம்ப்யூட்டர் ஆட்டம் என்று சொன்னாலே உருகிவிடுகிறார். அவர் ஆடியது சித்தூரில் (ஆந்திரச் சித்தூர் இல்லை, நம் பாலக்காட்டுச் சித்தூர்) ஒரு கம்ப்யூட்டர் சென்டரில். என் நண்பன் காட்டுவதில் இளவரசன் தலைப்பாகை கட்டியிருக்கிறான். எது அசல்?
- வாசகர், கொழிஞ்சாம்பாறை

ப: இரண்டும் இல்லை தம்பி. அசல் 1989-இல் ஆப்பிள் II என்ற பழைய கம்ப்யூட்டருக்கு வந்தது. ஜோர்டான் மெக்னர் கிட்டத்தட்டத் தனியாளாக எழுதினார். தன் தம்பி டேவிட்டை வெள்ளை உடையில் ஓடவும் குதிக்கவும் வைத்து வீடியோ எடுத்து, ஒவ்வொரு அசைவையும் அதைப் பார்த்தே வரைந்தார். இளவரசன் விளிம்பைப் பிடித்துத் தொங்கும்போது நமக்குத் தோள் வலிப்பது அதனால்தான். இசைகூட அப்பா போட்டது, வீட்டோடு முறுக்குக் கம்பெனி நடத்துகிற மாதிரி.

சித்தப்பா ஆடியது 1990-இல் டாஸுக்கு, அதாவது விண்டோஸுக்கு முந்தைய பிசிக்களுக்கு, வந்த பதிப்பாக இருக்கும். தலைப்பாகை 1990-இல் ஜப்பானின் PC-98 கம்ப்யூட்டருக்குப் படங்களைப் புதிதாக வரைந்தபோது ஏறியது.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது நிழல் மனிதன். ஆப்பிள் II-இன் நினைவகம் நிரம்பிவிட்டது, எதிரி என்று இன்னோர் ஆளை வரைந்து வைக்க இடமில்லை. சரி என்று இளவரசனின் படத்தையே எடுத்து, ஒரு புள்ளி நகர்த்தி அதன் மேலேயே போட்டு, ஒத்துப்போகிற புள்ளிகளை அணைத்துவிட்டார், மினுமினுக்கும் கோட்டுருவமாக ஓர் ஆள் கிடைத்துவிட்டான். 4-ஆம் கட்டத்தில் நாம் கண்ணாடிக்குள் பாயும்போது அவன் மறுபக்கம் குதித்து ஓடுவான், அடுத்த கட்டத்தில் நாம் குடிக்க வேண்டிய மருந்தைக் குடித்துவிடுவான், அதற்கடுத்ததில் மூஞ்சிக்கு நேரே கதவைச் சாத்துவான். 12-இல் அவனைக் குத்தினால் அடி நமக்கு விழும், வாளை உறையில் போட்டுவிட்டு நேரே நடந்தால் இருவரும் ஒன்றாகிவிடுவோம். பிறகு இந்த ஆட்டம் போன கம்ப்யூட்டர்களில் இடத்துக்குப் பஞ்சமில்லை, இருந்தும் அவனை யாரும் தூக்கவில்லை. டிவியில் மாட்டி ஆடும் சூப்பர் நின்டெண்டோவிலோ 12 கட்டத்தை 20 ஆக்கி, ஆட்டத்தை முடிக்கக் கொடுக்கும் 60 நிமிடத்தை 120 ஆக்கினார்கள். விருந்தாளி கூடினால் சாம்பாரில் தண்ணீர் விடுவோமே, அந்த ருசிதான் எனக்கு.

கே: டாஸ் ஆட்டத்தில் முதல் கட்டம் முடிந்ததும் குப்பிகள் நிறைந்த ஓர் அறை வருகிறதே, எதற்கு?
- வாசகி, வேலந்தாவளம்

ப: திருட்டுக் காப்பியைப் பிடிக்க அம்மா. ஆட்டத்தோடு வந்த கையேட்டில் இந்தப் பக்கம், இந்த வரி, இந்தச் சொல் என்று கேட்கும், அதன் முதல் எழுத்துள்ள குப்பியைக் குடித்தால்தான் மேலே போகலாம். நாங்கள் ஆடியது கையேடு எங்கே இருக்கிறதென்றே தெரியாத ஃபிளாப்பி. குருட்டாம்போக்கில் குடித்துக் குடித்துத்தான் தேறினோம். அப்புறம், கலர் திரையில் உயிர் தரும் மருந்தின் குமிழி சிவப்பு, விஷத்தின் குமிழி நீலம். எங்கள் சென்டரில் இருந்ததோ கறுப்பு வெள்ளை மானிட்டர். ஒரு மணி நேரத்துக்குப் பத்து ரூபாய் கொடுத்து விஷம் குடித்தவர்கள் நாங்கள்.

கே: அந்தக் காலத்தில் கொமடோர் 64 கம்ப்யூட்டருக்கு இந்த ஆட்டம் ஏன் வரவில்லை?
- வாசகர், கோவிந்தாபுரம்

ப: ஆப்பிள் II-க்கே வயதாகிவிட்ட நேரத்தில் வந்த ஆட்டம் இது, கொமடோருக்கும் அதே கதி. ஆனாலும் வந்தது, 2011-இல்! ஆன்ட்ரியாஸ் வர்கா என்பவர் தன் ஆசைக்குச் செய்தார். இரண்டு கம்ப்யூட்டரிலும் பிராசசர் ஒரே குடும்பம், அதனால் ஆப்பிள் ஆட்டத்தைப் பிரித்துப் போட்டு, எந்த வரி என்ன செய்கிறது என்று ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்துக் கோத்தார். அடுத்த வருடமே மெக்னரின் அப்பா வீட்டு அலமாரியின் பின்பக்கத்திலிருந்து பழைய ஃபிளாப்பிப் பெட்டியை எடுத்துக் கொடுக்க, மெக்னர் மூல நிரலை, அதாவது தான் எழுதிய அசல் வரிகளை, அப்படியே இணையத்தில் போட்டுவிட்டார். வர்கா பாவம்.