அப்பன் பெயரெடுத்த ஜம்பிங் குதிரை என்றால் அதன் குட்டியை நம்பி வாங்கலாமா?

நாலு வயதுப் பெண் குதிரை, அப்பன் வெளிநாட்டில் ஷோ ஜம்பிங்கில் (தடை தாண்டும் போட்டி) ஜெயித்தது, வம்சாவளிப் பேப்பர் பக்கா, வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அட்வான்ஸ் கொடுத்திருப்பீர்கள் என்றுதான் நினைக்கிறேன். இல்லையென்றால் முதலில் முன்னங்காலைத் தூக்கிப் பாருங்கள்.

நான் ராயபுரம். தாத்தா ஜட்கா குதிரைகளுக்கு லாடம் அடித்தவர், நான் ரைடிங் குதிரைகளுக்கு அடிக்கிறேன். சில வருடம் முன்பு ஒரு லாயத்துக்கு இதே மாதிரி ஒன்று வந்தது. ஆள் ஏறாமல் தடைகளைத் தாண்டவிட்டுப் பார்த்தோம். முழங்கால் இரண்டும் சீராக மடிந்தன, முதுகு வில்லாக வளைந்தது, கட்டையில் ஒருமுறை கால் பட்டதும் அடுத்ததில் இன்னும் தூக்கியது. அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் தாண்டுகிற குதிரை வந்து இறங்குவது முன்னங்காலில். இடது குளம்பு செங்குத்தாக, குதிகால் ஒடுங்கி இருந்தது, வலது தட்டையாகப் பரந்து கிடந்தது. கழற்றிய இடது லாடம் முனையில் மட்டும் தேய்ந்திருந்தது, அதாவது குதிகால் வலிக்கு பயந்து முனையை ஊன்றுகிறது. சொன்னேன். "லாடம் அடிக்கிற வேலையை மட்டும் பார்" என்றார்கள். ஏழு மாதத்தில் நொண்டியது, பழி என் ஆணி மேல்.

 

டாக்டர்கள் யாரும் சண்டைக்கு வரவேண்டாம், எக்ஸ்ரே எடுக்காதீர்கள் என்று சொல்லவில்லை, கண்டிப்பாக எடுங்கள். வம்சமே வேண்டாம் என்றும் சொல்லவில்லை. ஜெர்மனியில் ஹோல்ஸ்டைன் இனக் குதிரை வளர்க்கிறவர்கள் தாய்வழிக்கே எண் கொடுத்துத் தலைமுறை தலைமுறையாக எழுதி வைக்கிறார்கள், நீங்களோ தாயைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. தாய் பெயரெடுத்தாலும் குட்டி தேறும் என்று அர்த்தமில்லை, அது வேறு. 1956 ஒலிம்பிக்கில் ஜம்பிங்கில் தங்கம் வாங்கிய ஹல்லா என்ற பெண் குதிரை ஈன்ற குட்டி ஒன்றுகூட அவள் அளவுக்குப் பெயரெடுக்கவில்லை. ஒன்று செங்குத்து ஒன்று தட்டை என்று குளம்பு இருக்கிற குதிரை ஜம்பிங்கில் அதிக காலம் நிற்காது என்று நெதர்லாந்தில் ஆராய்ந்தே எழுதியிருக்கிறார்கள், இது லாடக்காரன் கற்பனை இல்லை.

பார்க்கப் போகும்போது கடைசியாகக் கழற்றிய பழைய லாடம் நாலையும் கேளுங்கள். எடுத்துப் போட்டாச்சு என்று சொன்னால், உங்கள் ஆளை வைத்து அங்கேயே ஒன்றைக் கழற்றச் சொல்லுங்கள்.