பழைய பில்டிங்ல கார் ஒர்க்‌ஷாப்: நீங்க கேட்டதுக்கு என் பதில்

ஒரே மாதிரி வந்த கேள்விய எல்லாம் சேத்துட்டேன். பாதிப் பேரு மெஷின் லிஸ்ட்ட கைல வச்சுக்கிட்டு எடம் தேடுறீங்க, மொதல்ல தரையையும் கூரையையும் பாருங்கப்பா, லிஸ்ட் அப்புறம் போட்டுக்கலாம்.

கே: 11 அடி உயர கான்கிரீட் குடோன் ஒன்னு வாடகைக்கு வருது. டூ போஸ்ட் லிஃப்ட் ரெண்டு போடலாமா சார்? நாளைக்கு அட்வான்ஸ் கொடுக்கணும்.

நாளைக்குக் கொடுக்காதீங்க. ரெண்டு தூணு நட்டு நடுவுல காரத் தூக்குற மெஷின் இது, தூக்குறது சுமாரா 6 அடி, ஸ்விஃப்ட் ஒசரம் 5 அடி, அங்கயே 11 முடிஞ்சுது. இன்னோவா ஸ்கார்பியோ எல்லாம் கிட்டத்தட்ட 6 அடி. ஓனர் சொல்ற 11 அடி ஸ்லாப் வரைக்குமா பீம் அடி வரைக்குமான்னு டேப் போட்டுப் பாருங்க, பெரும்பாலும் பீம் ஒன்னேகால் அடி கீழ தொங்கும். எனக்கு பீமுக்குக் கீழ 13 அடி கிடைச்சா தான் திருப்தி. இந்த குடோன் தான் வேணும்னா மேல குறுக்குக் கம்பி இல்லாம ரெண்டு தூணையும் தரைத் தகட்டுல இணைச்ச பேஸ் பிளேட் மாடல் எடுத்து பாதி தூக்கி வேலை பாக்கலாம், ஆனா மெக்கானிக் நாள் பூரா குனிஞ்சே நிப்பான், அதுக்கு கத்திரிக்கோல் மாதிரி விரிஞ்சு அடியில இருந்து தூக்குற சின்ன சிசர் லிஃப்ட்டே மேல்.

அடுத்தது தரை. 4 டன் லிஃப்ட்டுக்கு 6 இன்ச்சாவது எம்25 கிரேடு கான்கிரீட் இருக்கணும், கம்பெனிக்காரன் 8 கேட்டா 8 தான். மேல பாத்து எதுவும் தெரியாது, லிஃப்ட் வர்ற எடத்துல ட்ரில் போட்டுப் பாருங்க. ஒரு குடோன்ல அப்படி போட்டப்ப மொதல்ல சாம்பல் கலர் தூள் வந்துச்சு, 3 இன்ச் தாண்டல, தூள் செவப்பாயிருச்சு, ட்ரில் தானா உள்ள போகுது. கீழ வெறும் செம்மண்ணு! தரைய வெட்டி எடுத்து கம்பி கட்டி ரெண்டு தூணுக்கும் பேட் போட்டோம். கான்கிரீட் பலம் பிடிக்க 28 நாள் விடணும், ஆனா ஓனருக்கு வாடகை ஓடுதுன்னு பத்தாவது நாளே போல்ட்ட முறுக்கலாம்னாரு, நானும் தலையாட்டிட்டேன், என் தப்பு தான். டார்க் ரென்ச் (அளவு பாத்து முறுக்குற ஸ்பேனர்) போட்டா போல்ட் இறுகவே இல்ல, கூடவே சுத்துது. நல்லவேளை கார் ஏத்தல. திரும்ப ஒடச்சு திரும்ப போட்டோம்.

கே: பாலிடெக்னிக்ல வேலை பாக்கறேன். முதல் மாடி கிளாஸ்ரூம ஆட்டோமொபைல் லேபா மாத்த சொல்றாங்க. முடியுமாங்க?

பாதி முடியும். கட்டடம் எவ்வளவு பாரம் தாங்கணும்னு சொல்ற இந்திய ஸ்டாண்டர்ட் ஐஎஸ் 875 ரெண்டாம் பாகத்துல கிளாஸ்ரூமுக்கு சதுர மீட்டருக்கு 3 கிலோ நியூட்டன், அதாவது சுமார் 300 கிலோ தான் கணக்கு. லேசான மெஷின் இருக்குற எடத்துக்கு 5. இஞ்சின் ஸ்டாண்ட் மட்டும்னா பயம் இல்லன்னு தோணும், ஆனா பையன் 30 பேரும் அதையே சுத்தி நின்னு எட்டிப் பாப்பானுங்க, அதுவே ஒன்றரை டன்னுக்கு மேல. வயரிங், சென்சார், இன்ஜெக்டர், கட் செக்‌ஷன் மாடல் மேல போகட்டும். ஓடுற இஞ்சின், லிஃப்ட், முழு வண்டி இதெல்லாம் தரைத்தளம் தான். மேல வைக்கறதையும் பீம் ஓரமா வைங்க, ஸ்ட்ரக்சுரல் இஞ்சினியர் கையெழுத்து இல்லாம பிரின்சிபால் சொன்னாருன்னு எதையும் ஏத்தாதீங்க.

கே: லிஃப்ட்டுக்குக் காசு இல்லண்ணே, பிட் வெட்டிக்கலாமா?

காருக்கு அடியில நின்னு வேலை பாக்கற குழி தானே, வெட்டலாம் தம்பி, ஆனா செவுரு பக்கத்துல வேணாம், அஸ்திவாரத்த தோண்டி விட்ருவீங்க. பெட்ரோல் ஆவி காத்த விட கனம், பிட்டுக்குள்ள போய் தேங்கும், எல்பிஜியும் அப்படித்தான். அதனால எக்ஸாஸ்ட் ஃபேன் அடியில இருந்து இழுக்கணும், மேல மாட்டி பிரயோஜனமில்ல. லைட் சீல் பண்ணதா இருக்கணும், ஹோல்டர்ல குண்டு பல்ப தொங்க விடாதீங்க. சிஎன்ஜி நேர் எதிர், கூரைக்குப் போகும், அதனால கூரை உச்சியில காத்து வெளியேற வழி வேணும்.

கே: கம்ப்ரஸர் காத்து லைனுக்கு பிவிசி பைப் போட்டா செலவு பாதி தானே?

வேணாம். தண்ணி பைப் ஒடஞ்சா ஒழுகும், காத்து பைப் 8 பார் அழுத்தத்துல ஒடஞ்சா சில்லு சில்லா பறக்கும். ஜிஐ (துத்தநாகம் பூசின இரும்பு) இல்லன்னா அலுமினியம் போடுங்க, 100 அடிக்கு 1 அடி சரிவு கொடுத்து கடைசில தண்ணிய வெளியேத்த ட்ரெயின் வால்வு வைங்க. கீழ எறங்குற ஒவ்வொரு கிளைப் பைப்பையும் மெயின் பைப்போட மேல்பக்கத்துல இருந்து வளைச்சு எறக்குங்க, அடியில இருந்து எடுத்தா லைன்ல ஓடுற தண்ணி எல்லாம் காத்துல ஓடுற கன் டூலுக்குள்ள தான் வரும்.

கே: கோயம்புத்தூர் பக்கம் பழைய மில் ஷெட் கிடைச்சிருக்குங்க. எடுக்கலாமுங்களா?

ரம்பப் பல்லு மாதிரி கூரை இருக்குற ஷெட்டா? கொடுத்து வச்சவங்க நீங்க. வடக்கு பாத்த கண்ணாடி, நேர் வெயில் பெரும்பாலும் விழாது, பகல்ல சீரா வெளிச்சம் வரும், பெயின்ட் ஷேடு பாக்க அத விட நல்ல லைட் காசு கொடுத்தாலும் கிடைக்காது. ராத்திரிக்கு டியூப்லைட்ட காருக்கு நேர் மேல போடாதீங்க, தூக்கின வண்டி அத மறைச்சிரும், கார் நிக்கிற ரெண்டு பேக்கு (bay) நடுவுல வரிசையா போடுங்க. கூரைச் சட்டமான ட்ரஸ்ல செயின் பிளாக் (சங்கிலி கப்பி) தொங்க விட்டு இஞ்சின் தூக்கலாம்னு ஒரு ஆசை வரும், அது கூரைய தாங்கத்தான் போட்டது, ஃப்ளோர் கிரேன் ஒன்னு வாங்கிக்கோங்க. கூரை ஆஸ்பெஸ்டாஸா இருந்தா ஓட்டை போடாதீங்க, வெட்டாதீங்க, அந்தத் தூள் நுரையீரலுக்கு எமன்.

கே: வாட்டர் வாஷ் தண்ணிய சாக்கடைல விடலாமா?

மூணு அறை வச்ச தொட்டி கட்டி சேறையும் ஆயிலையும் பிரிச்சுட்டு தான். பழைய இஞ்சின் ஆயில் சட்டப்படி அபாயக் கழிவு, ஆதரைசேஷன் இருக்குறவங்களுக்கு மட்டும் கொடுங்க, சென்ட்ரிங் பலகைக்குப் பூச கேட்டு வர்றவருக்கு இல்ல.

கே: எலக்ட்ரிக் காருக்குத் தனி பே வேணுமா?

சர்வீஸுக்கு அதே பே போதும், சுத்தி கயிறு கட்டி ஆள் வராம பாத்துக்கணும், ஆயிரம் வோல்ட் ரேட்டிங் ரப்பர் கிளவுஸ் வேணும், ஹை வோல்டேஜ் போற ஆரஞ்சு கேபிள்ல ட்ரெயினிங் இல்லாதவன் கை வைக்கக் கூடாது. அடிபட்டு வர்ற வண்டி தான் வேற கதை, பேட்டரி பல மணி நேரம் கழிச்சு, சில சமயம் நாள் கழிச்சு கூட பத்திக்கும். அதுக்கு வெளிய செவுத்த விட்டு தள்ளி ஒரு எடம் ஒதுக்குங்க, மழை வருதுன்னு ராத்திரி உள்ள தள்ளிராதீங்க.