பிஸ்டனில் படியும் கரி: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என் நான்கு சிலிண்டர் பெட்ரோல் கார் ஆயிரம் கிலோமீட்டருக்கு அரை லிட்டர் ஆயில் குடிக்கிறது. பிளக் துளை வழியாக கிளீனர் ஊற்றி ஊறவைத்தால் கரி இளகிவிடும், இன்ஜினைப் பிரிக்க வேண்டாம் என்கிறார் மெக்கானிக். சரியா?

பதில்: முதலில் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் பிஸ்டன் காற்றை அமுக்கும் அழுத்தம்) பார்க்கச் சொல்லுங்கள். அது சரியாக இருந்தும் ஆயில் குறைந்தால், ஆயில் ரிங் (பிஸ்டனைச் சுற்றி இருந்து, சிலிண்டர் சுவரில் உள்ள ஆயிலை வழிக்கும் வளையம்) கரியில் இறுகி, அதன் பின்னால் ஆயில் வடியும் சிறு துளைகள் அடைபட்டிருக்கலாம். ஊறவைப்பது இதற்குத்தான் பலன் தரும். காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் மட்டும் நீலப்புகை வந்து நின்றுவிட்டால் வால்வு சீலை (வால்வுத் தண்டு வழியே ஆயில் இறங்காமல் தடுக்கும் ரப்பர்) சந்தேகியுங்கள். அதைக் கிளீனர் சரிசெய்யாது.

இன்ஜின் வெதுவெதுப்பாக இருக்கும்போது தொடங்குங்கள். ஃபியூவல் பம்ப் ஃபியூஸையும் இக்னிஷன் காயில்களையும் எடுத்துவிட்டு, பிளக்கைச் சுற்றியுள்ள மண்ணைக் காற்றடித்து ஊதியபின் கழற்றுங்கள். முதல் சிலிண்டரில் நீளமான பிளாஸ்டிக் ஸ்ட்ராவை விட்டு, பிஸ்டன் உச்சிக்கு வரும்வரை கிராங்க் புல்லி போல்ட்டை (பிஸ்டன்களை ஏற்றி இறக்கும் கிராங்க் தண்டின் முனையில் இருப்பது) திருப்புங்கள். அங்கிருந்து கால் சுற்று திருப்பினால் நான்கு பிஸ்டனும் ஏறக்குறைய நடுவில் நிற்கும். (மூன்று சிலிண்டர் இன்ஜினில் இப்படி ஒரே மட்டத்தில் நிறுத்த முடியாது.) சிலிண்டருக்கு 30 முதல் 40 மி.லி. ஊற்றி, இரவு முழுக்க விடுங்கள். இடையில் இரண்டு மூன்று முறை கிராங்கை லேசாக முன்னும் பின்னும் அசைத்தால் மருந்து ரிங் இடுக்கில் இறங்கும்.

பெரிய நஷ்டம் வருவது இதற்குப் பிறகுதான். திரவம் அமுங்காது. தேங்கிய கிளீனரோடு பிளக்கை மாட்டி ஸ்டார்ட்டரைத் தட்டினால் கனெக்டிங் ராட் வளைந்துவிடும். ஆகவே சிரிஞ்சில் டியூப் மாட்டி மிச்சத்தை உறிஞ்சுங்கள். பிளக் துளைகளைத் துணியால் மூடி, கிராங்கைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள். அதன்பின் பிளக், ஃபியூஸ், காயில் எதையும் மாட்டாமலே ஐந்து விநாடி ஸ்டார்ட்டர் கொடுங்கள். பீய்ச்சி அடிக்கும், எளிதில் தீப்பிடிக்கும். முகத்தை அருகில் வைக்காதீர்கள், பெயின்ட்டிலும் படவிடாதீர்கள்.

ரிங்கைத் தாண்டிய கிளீனர் கீழே ஆயிலில் கலந்து அதை நீர்க்கச் செய்திருக்கும். எனவே இன்ஜினை ஓட்டுவதற்கு முன்பே ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றுங்கள். இதைச் சோம்பலில் விட்டால் பேரிங் போகும். பிறகு திறந்த வெளியில் ஸ்டார்ட் செய்யுங்கள். சில நிமிடம் புகை கக்கும். ரிங்கே தேய்ந்திருந்தால் எத்தனை முறை ஊறவைத்தாலும் பயனில்லை.

கேள்வி: இன்ஜினை இறக்கியாயிற்று. பிஸ்டனைக் காஸ்டிக் சோடாவில் போடலாமா?

பதில்: கூடவே கூடாது. பிஸ்டன் அலுமினியக் கலவை. காஸ்டிக் சோடா கரியோடு உலோகத்தையும் அரித்துவிடும். ஒரு நாள் மண்ணெண்ணெயிலோ கார்பன் கிளீனரிலோ ஊறவைத்து, மரத்துண்டால் அல்லது பிளாஸ்டிக் ஸ்கிரேப்பரால் சுரண்டுங்கள். இரும்புக் கம்பி பிரஷ், எமரி தாள் இரண்டும் வேண்டாம்; எமரியின் துகள் ஆயிலில் சேர்ந்தால் பேரிங்கைத் தின்னும்.

ரிங் காடியை (பிஸ்டனில் ரிங் உட்காரும் பள்ளம்) சுத்தம் செய்ய உடைந்த பழைய ரிங் துண்டே நல்ல கருவி. ஆனால் கரி போனதும் நிறுத்திவிட வேண்டும். காடியின் பக்கச்சுவரைச் சுரண்டினால் புது ரிங் அதில் ஆடும், ஆயில் மறுபடி மேலே ஏறும். ஆயில் துளைகளை அளவான டிரில் பிட்டைக் கையால் உருட்டித் திறவுங்கள், மெஷினில் வேண்டாம். மாட்டும்போது ரிங்கில் குறி இருக்கும் பக்கம் மேலே வரட்டும்.