மழை விடுமுறை: பொழுது விடியும் முன்பே சொல்ல முடியாதா?

தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் கொட்டும் மாவட்டம் குமரி. ஜூனிலும் விடுமுறைக் குழப்பம், நவம்பரிலும் அதே குழப்பம். அதுபற்றி வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் பதில்.

சோறு கட்டி, சீருடை போட்டு, வேனும் வாசலில் வந்து நின்ற பிறகு ஏழரை மணிக்கு ‘இன்று விடுமுறை’ என்று செய்தி வருகிறது. நான் முந்திரி ஆலைக்குப் போகிறவள். பிள்ளையை யாரிடம் விடுவது? முந்தின இரவே சொல்ல முடியாதா?
– வாசகி, கருங்கல்

பல நாட்களில் முடியும். வானிலை மையத்தின் சிவப்பு எச்சரிக்கை வந்தால் இரவே அறிவித்துவிடுகிறார்கள். சிக்கல் அதற்கு ஒரு படி கீழான ஆரஞ்சு எச்சரிக்கை நாளில்தான். இரவில் எவ்வளவு மழை பெய்தது, அணைகளில் நீர்மட்டம் என்ன, எந்தச் சாலையில் தண்ணீர் ஏறியிருக்கிறது என்று வருவாய்த் துறையும் பொதுப்பணித் துறையும் தரும் தகவலைப் பார்த்தே மாவட்ட ஆட்சியர் முடிவெடுக்கிறார். பேரிடர் மேலாண்மைச் சட்டம் 2005-ன்படி மாவட்ட ஆணையத்தின் தலைவர் அவரே. தகவலுக்காகக் காத்திருப்பது சரி. ஆனால் ஐந்து மணிக்குக் கையில் இருக்கும் தகவலுக்கு ஏழரை மணிக்கு முடிவு சொல்வது சரியல்ல. தூரத்து ஊர்களில் வேன் முதல் நடையை ஏழு மணிக்கெல்லாம் தொடங்கிவிடும். ஆறு மணிதான் கடைசி எல்லையாக இருக்க வேண்டும்.

இதைக் கேட்க வழி உண்டு. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் தீர்மானமாக எழுதி, திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் மனுவாகக் கொடுங்கள். ‘சீக்கிரம் அறிவிக்கவும்’ என்று மொட்டையாக எழுதாதீர்கள். முதல் வேன் எத்தனை மணிக்குக் கிளம்புகிறது, எத்தனை பிள்ளைகள் வருகிறார்கள், வழியில் எந்தச் சப்பாத்து (தாழ்வான தரைப்பாலம்) மூழ்கும் என்று மூன்றையும் குறிப்பிடுங்கள்.

இங்கே சுள்ளென்று வெயில், ஆனால் விடுமுறை. இது என்ன கணக்கு?
– வாசகர், ஆரல்வாய்மொழி

உங்கள் கூரைமேல் பெய்யும் மழையை வைத்து மட்டும் போடும் கணக்கல்ல இது. மலையடிவாரத்தில் பாலமோரிலும் பேச்சிப்பாறையிலும் கொட்டித் தீர்க்கும் நாளில் கணவாய்ப் பக்கமுள்ள உங்கள் ஊரில் காற்று மட்டும் வீசலாம். அறிவிப்போ பெரும்பாலும் மாவட்டம் முழுமைக்கும் ஒன்றாக வருகிறது.

மேற்குப் பக்கம் மழை நின்ற பிறகும் ஆபத்து நிற்காது. பேச்சிப்பாறை அணையின் முழுக் கொள்ளளவு 48 அடி, பெருஞ்சாணி 77 அடி, சிற்றாறு அணைகள் தலா 18 அடி. மட்டம் உச்சத்தை நெருங்கினால் உபரிநீரைத் திறந்துவிடுவார்கள். பேச்சிப்பாறைத் தண்ணீர் கோதையாறு வழியாகவும் பெருஞ்சாணித் தண்ணீர் பரளியாறு வழியாகவும் வந்து மூவாற்றுமுகத்தில் சேரும். அங்கிருந்து குழித்துறை தாண்டித் தேங்காப்பட்டணத்தில் கடலில் கலக்கும். ஆகவே குழித்துறையில் வானம் வெளுத்திருந்தாலும் சப்பாத்தின்மேல் தண்ணீர் ஓடும். மலைக்கிராமங்களின் நிலை இன்னும் மோசம்: மோதிரமலை, குற்றியாறு பக்கம் சப்பாத்து மூழ்கினால் காலையில் போன பிள்ளை மாலையில் வீடு திரும்ப வழியில்லை.

அதற்காக ஆரல்வாய்மொழிப் பிள்ளையும் வீட்டில் இருக்க வேண்டுமா என்று கேட்டால், வேண்டியதில்லை. வட்டம் வாரியாக அறிவிக்கலாம். தோவாளையும் விளவங்கோடும் ஒரே வானத்தின் கீழ் இல்லை. வெளி வட்டத்திலிருந்து வரும் ஆசிரியர்களுக்கும் பிள்ளைகளுக்கும் அன்று விலக்கு என்று ஒரு வரி சேர்த்தால் போதும்.

ஆரஞ்சு எச்சரிக்கை இருந்தும் ஏன் பள்ளி நடக்கிறது?
– வாசகி, தக்கலை

நிறத்தோடு கூட வரும் சொற்களையும் படியுங்கள். 24 மணி நேரத்தில் 64.5 மி.மீ. முதல் 115.5 வரை கனமழை, 204.4 வரை மிக கனமழை, அதற்கு மேல் அதிகனமழை. ‘ஓரிரு இடங்களில்’ என்றால் மழைமானி நிலையங்களில் கால் பங்கு அல்லது அதற்கும் குறைவு. ‘பெரும்பாலான இடங்களில்’ என்றால் முக்கால் பங்குக்கு மேல். ‘ஓரிரு இடங்களில் மிக கனமழை’ என்ற ஆரஞ்சில் உங்கள் ஊர் நனையாமலும் போகலாம். இன்னொன்று: நாளிதழில் வரும் மழையளவு காலை எட்டரை மணியோடு முடியும் கணக்கு. மழை அதிகாலையில் பெய்ததா, முந்தின நாள் மத்தியானமா என்பது அதில் தெரியாது. காலையில் முடிவெடுக்க உதவுவது ‘அடுத்த 3 மணி நேரத்துக்கு’ என வானிலை மையம் வெளியிடும் அறிவிப்புதான்.

மகள் அமெரிக்காவில் இருக்கிறாள். அங்கே பனி கொட்டினால் பள்ளியை இரண்டு மணி நேரம் தாமதமாகத் திறக்கிறார்களாம். நாமும் செய்தால் என்ன?
– வாசகர், மார்த்தாண்டம்

அங்கே முடிவு பள்ளி மாவட்டத்தின் கண்காணிப்பாளர் கையில். விடிவதற்கு முன்பே ஆட்கள் சாலையில் வண்டி ஓட்டிப் பார்த்துச் சொல்கிறார்கள். பனியை வாரித் தள்ளி உப்புத் தூவினால் இரண்டு மணி நேரத்தில் சாலை தேறிவிடும். அணை திறந்திருக்கும்போது நம் ஆற்றுவெள்ளம் அப்படி வடியாது. அணை திறக்காமல் விடியற்காலையில் மட்டும் மழை அடித்து ஓயும் நாளில் பத்தரை மணித் திறப்பு இங்கேயும் நடக்கும். பேருந்து நடைகளை மட்டும் அதற்கேற்ப மாற்ற வேண்டும். உடனே எடுத்துக்கொள்ள வேண்டியது அந்த விடிகாலைச் சாலைப் பார்வை.

பிள்ளை கேரளப் பக்கம் பாறசாலையில் படிக்கிறான். எந்த ஆட்சியர் சொல்வதைக் கேட்பது?
– வாசகி, களியக்காவிளை

பள்ளி இருக்கும் இடத்து ஆட்சியர், அதாவது திருவனந்தபுரம். நம் பக்கம் வெள்ளம் என்றால் பிள்ளையை அனுப்பாமல் வகுப்பாசிரியருக்குக் காலையிலேயே தகவல் சொல்லிவிடுங்கள்.

விடுமுறைக்கு ஈடாகச் சனிக்கிழமை வகுப்பு அவசியமா?
– வாசகர், இரணியல்

கல்வி உரிமைச் சட்ட அட்டவணைப்படி 1 முதல் 5-ஆம் வகுப்பு வரை ஆண்டுக்கு 200 வேலை நாள், 6 முதல் 8 வரை 220. குறைந்தால் ஈடுசெய்தே ஆக வேண்டும். எந்தச் சனிக்கிழமை என்று ஒரு வாரம் முன்பே சொல்லச் சொல்லுங்கள்.

பகல் 12 மணிக்குத் திடீரென்று பள்ளியை விட்டுவிட்டார்கள். வேன் பிள்ளையைச் சந்திப்பிலேயே இறக்கிவிட்டுப் போய்விட்டது. வீடு பூட்டிக் கிடந்தது.
– வாசகி, குலசேகரம்

காலை விடுமுறையைவிட ஆபத்தானது இதுதான். மழை கடுமையாகப் பெய்யும் அந்த நேரத்திலேயே எல்லாப் பிள்ளைகளையும் சாலைக்கு அனுப்புகிறார்கள். பள்ளிக் கட்டடம் உறுதியாக இருந்தால் மதியச் சோறு கொடுத்து, மழை தணியும் வரை உள்ளே வைத்திருப்பதே நல்லது.

நீங்கள் செய்ய வேண்டியது: பிள்ளையை வாங்கிக்கொள்ளக்கூடிய இருவரின் பெயர், தொலைபேசி எண் ஆகியவற்றைத் தலைமை ஆசிரியரிடமும் வேன் ஓட்டுநரிடமும் எழுத்தில் கொடுங்கள். அதில் ஒருவர் பகலில் வீட்டில் இருக்கும் பக்கத்து வீட்டு அக்காவாகவோ பாட்டியாகவோ இருக்கட்டும். ஆள் வராவிட்டால் சந்திப்பில் இறக்காமல் பள்ளிக்கே திருப்பிக் கொண்டுபோக வேண்டும் என்றும் எழுதுங்கள். சப்பாத்தில் தண்ணீர் ஓடினால் வேன் கடக்கவே கூடாது. 15 செ.மீ. ஓட்டம் பெரிய ஆளையே சாய்த்துவிடும், 30 செ.மீ. சிறிய காரை மிதக்கவிடும், ஆட்டோவைச் சொல்லவே வேண்டாம். ரப்பர் மரம் விழுந்து மின்கம்பி அறுந்து கிடந்தால் பிள்ளை கிட்டே போகாமல் பெரியவர்களிடம் சொல்ல வேண்டும். மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகம் எண் 94987 94987, மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077. இரண்டையும் பிள்ளையின் நாட்குறிப்பின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள்.