வாசகர் கேள்வி: கைப்பேசி ஆட்டமும் சட்டத்தின் எல்லையும்

கேள்வி: பிளஸ் ஒன் படிக்கும் என் மகன், சாமந்தி பறிக்க நான் விடியற்காலை எழும்போதும் தூங்காமல் கைப்பேசியில் துப்பாக்கிச் சண்டை ஆடிக்கொண்டிருக்கிறான். பால் சொசைட்டிப் பணம் ஏறும் என் கணக்கிலிருந்து 80 ரூபாய், 160 ரூபாய் என்று பலமுறை பணம் போயிருக்கிறது. கேட்டால், ஆட்டத்துக்கு ‘டயமண்ட்’ வாங்கினேன் என்கிறான். ஆன்லைன் சூதாட்டத்தைத்தான் தடை செய்துவிட்டார்களே, இது எப்படி நடக்கிறது? கைப்பேசியைப் பிடுங்கி வைத்தால் சரியாகுமா?
- வாசகி, பாலக்கோடு

பதில்: 2025 ஆகஸ்டில் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்ற மத்திய சட்டம் தடுப்பது, பணம் கட்டி, பதிலுக்குப் பணமோ வேறு ஆதாயமோ எதிர்பார்த்து ஆடும் விளையாட்டுகளை மட்டுமே. உங்கள் மகன் ஆடுவது இலவச விளையாட்டு. அதில் அவன் வாங்கும், ஆட்டத்துக்குள் மட்டுமே செல்லும் டயமண்ட் திரும்பப் பணமாகாது என்பதால் அது அந்தத் தடைக்குள் வருவதில்லை. அந்தச் சட்டத்துக்கு முன்பே தமிழக அரசு 2025இல் கொண்டுவந்த விதிமுறைகள், நள்ளிரவு 12 மணி முதல் காலை 5 மணி வரை ஆட்டத்துக்குள் நுழையக் கூடாது என்றன. சென்னை உயர் நீதிமன்றமும் அதை ஏற்றது. ஆனால் அவையும் பணம் வைத்து ஆடும் விளையாட்டுகளுக்கு உரியவையே. ரம்மி ஆடும் பெரியவருக்கு இரவில் கதவை அடைத்த விதி, பள்ளி மாணவனுக்கு அதைத் திறந்தே விட்டிருப்பது எனக்குப் பெரும் குறையாகத் தோன்றுகிறது.

நிறைய ஆடுவதாலேயே அது நோயாகிவிடாது. ஆட்டத்தை நிறுத்த முடியாமல் போவது, மற்ற எல்லாவற்றையும்விட அதுவே முக்கியமாகிவிடுவது, கெடுதல் கண்ணெதிரே தெரிந்தும் தொடர்வது ஆகிய மூன்றும் பொதுவாக ஓராண்டு நீடித்தால் உலக சுகாதார நிறுவனம் அதை நோயாகக் கருதுகிறது. முடிவு சொல்ல வேண்டியவர் மருத்துவர். தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அவனை அழைத்துச் செல்லுங்கள். அதற்கு முன் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல ஆலோசனை) எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

திடீரென்று பிடுங்குவது சண்டையில்தான் முடியும். அவனையும் உட்காரவைத்துப் பேசி, இரவு கைப்பேசி உங்கள் தலைமாட்டில் இருக்கும் என்று முடிவு செய்யுங்கள். பணம் அனுப்பும் ரகசிய எண்ணை இன்றே மாற்றிவிடுங்கள்.

கேள்வி: பிள்ளையைக் கண்காணிப்பது பெற்றோர் கடமை, அதற்கு அரசின் கட்டுப்பாடு எதற்கு?
- வாசகர், கிருஷ்ணகிரி

பதில்: கடமையை யாரும் மறுக்கவில்லை. ஆனால் நம் இரு மாவட்டங்களிலும் தகப்பன் பெங்களூருவில் கட்டட வேலைக்கும், தாய் ஓசூரில் ஷிப்டுக்கும் போய்விட, பிள்ளைகள் பாட்டியிடம் வளரும் வீடுகள் எத்தனை என்பதை நீங்களும் அறிவீர்கள். அந்தப் பாட்டி, ஆங்கிலத்தில் இருக்கும் கைப்பேசி ‘செட்டிங்ஸை’த் திறந்து நேர வரம்பு போட வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமா? எதிர்ப்பக்கத்தில், தினமும் உள்ளே வந்தால் பரிசு, ஒரு நாள் தவறினால் இழப்பு, இன்றிரவோடு முடியும் சலுகை என்று, பிள்ளை எழுந்து போகாதிருக்கும் வழிகளைத் திட்டமிட்டு அமைக்கும் நிறுவனங்கள் இருக்கின்றன.

நேரத்தடை மட்டும் போதாது என்பதும் உண்மை. 16 வயதுக்கு உட்பட்டவர்கள் நள்ளிரவுக்குப் பின் கணினியில் ஆன்லைன் விளையாட்டுகளை ஆடக் கூடாது என்று 2011இல் தடை விதித்த தென்கொரியா, பிள்ளைகள் கைப்பேசிக்கு மாறிவிட்ட நிலையில் அதைக் கைவிட்டது. ஆகவே இங்கே வரும் விதி கைப்பேசியிலிருந்து தொடங்க வேண்டும்; பொறுப்பை நிறுவனத்தின் மீது சுமத்த வேண்டும். 18 வயதுக்கு உட்பட்டவரின் தகவல்களைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் தேவை என்று 2023ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. ஆட்டத்துக்குள் பொருள் வாங்குவதற்கும் அதே ஒப்புதலைக் கட்டாயமாக்கி, ஒப்புதலின்றிப் பெற்ற பணத்தை நிறுவனமே திருப்பித் தர வேண்டும் என்று விதித்தால், பாலக்கோட்டுச் சகோதரி போன்றவர்கள் இழந்த தொகையை உரிமையோடு கேட்க முடியும்.