ராத்திரி 2 மணிக்கு ஏன் சாப்பிடுகிறாள்?

கேள்வி: என் மகளுக்கு 19 வயது, கல்லூரியில் படிக்கிறாள். டயட் என்று நாலு மாதமாகக் காலையில் எதையும் தொடுவதில்லை. மதிய டப்பா அப்படியே திரும்பி வருகிறது. ஆனால் ராத்திரி 2 மணிக்கு எழுந்து மிச்ச சோறு, பிஸ்கட் என்று அள்ளிச் சாப்பிடுகிறாள். மெடிக்கலில் தூக்க மாத்திரை வாங்கிக் கொடுத்தும் பயனில்லை. சமையலறையைப் பூட்டிவிடலாமா?
- ஒரு தாய், தண்டையார்பேட்டை

பதில்: பூட்ட வேண்டாம், அம்மா. பூட்டினால் பிஸ்கட் பாக்கெட் தலையணைக்கு அடியில் போகும், அவ்வளவுதான்.

பகல் முழுக்கப் பட்டினி கிடக்கும் உடல், அதை ஆபத்தாகவே எடுத்துக்கொள்கிறது. மூளையில் விழிப்பைத் தூண்டும் ஒரெக்சின் வேலை செய்யத் தொடங்கும்; ரத்தச் சர்க்கரை இறங்கினால் அட்ரினலின், கார்டிசால் என்ற பதற்ற ஹார்மோன்கள் ஏறும். அதனால்தான் நடுராத்திரியில் விழிப்பு. தூக்கம் கெட்டால் பசியைக் கிளப்பும் கிரெலின் கூடி, 'போதும்' என்று சொல்லும் லெப்டின் குறைகிறது. ராத்திரி சாப்பிட்டதற்குப் பரிகாரமாக மறுநாளும் பட்டினி. இந்தச் சுற்றை அறுக்க வேண்டிய இடம் காலைச் சாப்பாடு.

இன்றைக்கே அவளிடம் மெதுவாகக் கேளுங்கள்: ராத்திரி சாப்பிட்டது காலையில் நினைவிருக்கிறதா? இருந்தால் இது பெரும்பாலும் 1955-லேயே விவரிக்கப்பட்ட 'இரவு உண்ணும் நோய்' வகை. நினைவே இல்லை, பச்சை அரிசியைத் தின்றிருக்கிறாள், அடுப்பைப் பற்ற வைத்திருக்கிறாள் என்றால் அது தூக்கத்திலேயே நடப்பது. சோல்பிடெம் போன்ற தூக்க மாத்திரைகளே அதை உண்டாக்கலாம். அப்படியானால் ராத்திரி சிலிண்டரை மூடிவையுங்கள். எந்த மாத்திரை என்று நீங்கள் எழுதவில்லை. சீட்டில்லாமல் இனி வாங்காதீர்கள். பல வாரமாகத் தினமும் போட்டிருந்தால் சட்டென்று நிறுத்தாமல், அட்டையோடு மருத்துவரைப் பாருங்கள்.

சாப்பாட்டில் 4 மணி நேரத்துக்கு மேல் இடைவெளி விடக்கூடாது. காலை 8-க்கு இட்லியோ கேழ்வரகுக் கஞ்சியோ, 11-க்கு வாழைப்பழம், 1.30-க்குச் சோறோடு ஒரு துண்டு மீனோ முட்டையோ (காசிமேடு பக்கத்திலேயே இருக்கிறது), 5-க்குச் சுண்டல், 8.30-க்கு இரவுச் சாப்பாடு, படுக்குமுன் ஒரு டம்ளர் பால். முதல் வாரம் காலையில் 'பசியே இல்லை' என்பாள். பொய்யில்லை, ராத்திரி சாப்பிட்டதால் பசிக்காது. அரை இட்லியில் தொடங்குங்கள். தட்டை வைத்துவிட்டுப் போகாமல் நீங்களும் கூட உட்கார்ந்து சாப்பிடுங்கள். எடையைப் பற்றியோ கலோரியைப் பற்றியோ பேச்சே வேண்டாம். ராத்திரி எழுந்து சாப்பிட்டாலும் திட்டாதீர்கள், ஆனால் மறுநாள் காலைச் சாப்பாட்டை விட்டுவிடாதீர்கள்.

எத்தனை மணிக்குத் தூங்கினாலும் 6.30-க்கு எழுந்து, மொட்டை மாடியில் அரை மணி வெளிச்சத்தில் நிற்கட்டும். பிற்பகல் 2-க்கு மேல் டீ, காபி வேண்டாம். எல்லோரும் ஒரே அறையில் படுக்கிற வீடு என்றால், 10 மணிக்கு டிவியை அணைப்பது குடும்பத்தின் பொறுப்பு.

சாப்பிட்டதும் பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிடுகிறாளா என்றும் கவனியுங்கள். அடிக்கடி வாந்தி எடுப்பவர்களுக்கு ரத்தத்தில் பொட்டாசியம் இறங்கி இதயத் துடிப்பு தடுமாறலாம். வாந்திக்குப் பின் உடனே பல் தேய்க்கக்கூடாது, பல் எனாமல் கரையும். வாயைக் கொப்பளித்தால் போதும்.

மயக்கம், படபடப்பு, வாந்தியில் ரத்தம், நாடி 50-க்குக் கீழ், 'செத்துப்போகலாம்' என்ற பேச்சு, இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே மருத்துவமனை. ஐந்து நாளுக்கு மேல் ஏறக்குறைய ஒன்றுமே சாப்பிடாதவளுக்கு வீட்டில் திடீரென்று நிறையக் கொடுக்காதீர்கள். ரத்தத்தில் பாஸ்பேட் என்ற உப்பு சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

இவை எதுவும் இல்லாவிட்டாலும் இந்த வாரமே ஸ்டான்லி அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். ஈசிஜி, பொட்டாசியம், பாஸ்பேட், ஹீமோகுளோபின், தைராய்டு பார்க்கச் சொல்வார்கள். மாதவிலக்கு மூன்று மாதம் நின்றிருந்தால் அதையும் சொல்லுங்கள். பேச்சு சிகிச்சைதான் முதலில். தேவைப்பட்டால் செர்ட்ராலின் போன்ற மாத்திரையை மருத்துவர் தருவார். அவள் வர மறுத்தால் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416-க்கு நீங்களே பேசலாம்: இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழில் பேசுவார்கள். மருத்துவமனைக்குப் போகும்போது, எத்தனை மணிக்குச் சாப்பிட்டாள், தூங்கினாள், விழித்தாள் என்று அவளே ஒரு வாரத்துக்கு எழுதிய நோட்டு கையில் இருந்தால் நல்லது. எழுதவில்லை என்பதற்காகத் தள்ளிப்போடாதீர்கள்.